பதற்ற மாத்திரையும் மங்கும் பார்வையும்

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவு: மனப்பதற்றத்துக்காக மூன்று வாரங்களாக அல்பிரசோலம் அரை மில்லிகிராம் மாத்திரையைக் காலையிலும் இரவிலும் எடுத்துவருகிறீர்கள். படிக்கும்போது எழுத்து மங்குகிறது, வரி தவறுகிறது. மாலையில் தூரத்து விளக்குகள் சில சமயம் இரண்டாகத் தெரிகின்றன. கண் கரகரக்கிறது. அம்மாவுக்குக் குளுக்கோமா (கண் அழுத்த நோய்) இருப்பதால் அந்தப் பயமும் சேர்ந்துகொண்டது. "இந்த மாத்திரை கண்ணைப் பாதிக்குமா?" என்பதுதான் நீங்கள் கேட்டது. ஆனால் உங்கள் வரிகளைப் படிக்கும்போது, உள்ளே இருப்பவை வேறு இரண்டு கேள்விகள் என்று எனக்குப் பட்டது. பார்வை நிரந்தரமாகப் போய்விடுமா? மாத்திரையை இன்றே நிறுத்திவிடலாமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் முடிவில் நிறுத்தாதீர்கள். தினமும் எடுத்துவந்த அல்பிரசோலத்தைச் சட்டென்று நிறுத்தினால் அடக்கிவைத்த பதற்றம் பல மடங்காகத் திரும்பலாம், சிலருக்கு வலிப்பே வரலாம். இது கண் மங்குவதைவிடப் பெரிய ஆபத்து. முதல் கேள்விக்கு என் பதில் ஆறுதலானது: நீங்கள் விவரித்த தொல்லைகளில் பெரும்பாலானவை மருந்தின் அளவோடு வந்து, அளவு குறையும்போது போகக்கூடியவை. ஆனால் எல்லாவற்றையும் மாத்திரையின் தலையில் போட்டுவிடவும் கூடாது. நான் பல ஆண்டுகளாகக் கண் மருத்துவத்தில் இருப்பவன். மனநல மருந்துகளின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் என் வேலை இல்லை. உங்கள் கண்ணை நேரில் பார்க்கவும் இல்லை. அந்த வரம்புக்குள் நின்றுதான் எழுதுகிறேன்.

அல்பிரசோலம், டயசெபாம், லோரசெபாம், குளோனசெபாம், குளோபசாம் எல்லாம் பென்சோடயசெபின் என்ற ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்தின் முதல் மருந்தான குளோர்டயசெபாக்சைடு 1960 இல் விற்பனைக்கு வந்தது, டயசெபாம் 1963 இல் வந்தது. ஆக, அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் முழுவதும் கோடிக்கணக்கானவர்கள் எடுத்த மருந்துகள் இவை. மூளையில் காபா என்றொரு வேதிப்பொருள் நரம்பணுக்களை அமைதிப்படுத்தும் வேலையைச் செய்கிறது. இந்த மாத்திரைகள் அதன் கையை வலுப்படுத்துகின்றன. பதற்றம் தணிவதும் தூக்கம் வருவதும் தசை தளர்வதும் இதனால்தான். தொந்தரவும் இங்கேதான் தொடங்குகிறது. காபா பதற்றத்துக்கென்று ஒதுக்கப்பட்ட பொருள் இல்லை. கண்களை அசைக்க ஆணையிடும் மூளைத்தண்டிலும், அந்த அசைவைத் துல்லியப்படுத்தும் சிறுமூளையிலும் அதற்கு வேலை உண்டு. பதற்றத்தைத் தணிக்கும் மருந்து அங்கேயும் போய் வேகத்தைக் குறைக்கிறது. அதனால் உங்கள் பார்வைக் குறையின் பெரும்பகுதி கண்ணுக்குள் நடப்பதில்லை. கண்ணை இயக்கும் இடத்தில் நடக்கிறது.

வரி தவறுவதை எடுத்துக்கொள்வோம். படிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதாக நமக்குத் தோன்றும். உண்மையில் அது சொல்லுக்குச் சொல் தாவுகிறது. வரி முடிந்ததும் ஒரே பாய்ச்சலில் அடுத்த வரியின் தொடக்கத்துக்கு வருகிறது. பென்சோடயசெபின் இந்தப் பாய்ச்சலின் வேகத்தைக் குறைக்கும் என்பது உறுதியாக நிறுவப்பட்ட உண்மை. மயக்கம் தரும் மருந்து எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்பதை அளக்க ஆய்வாளர்கள் இதையே ஓர் அளவுகோலாகப் பயன்படுத்துகிறார்கள். அசையும் பொருளைச் சீராகப் பின்தொடரும் திறனும் குறையும். பரிசோதனை அறையில் பேனா முனையை மெல்ல இடமிருந்து வலமாக நகர்த்தி, தலையை அசைக்காமல் கண்ணால் மட்டும் தொடரச் சொல்வோம். மாத்திரையின் பிடியில் இருப்பவரின் கண் பேனாவோடு ஓடாது. சற்றுப் பின்தங்கும், ஒரு சின்னத் தாவலில் எட்டிப் பிடிக்கும், மறுபடி பின்தங்கும். அளவு அதிகமானால் ஓரத்தைப் பார்க்கும்போது கண் அங்கே நிலைக்காமல் துடிக்கும். இப்படிப்பட்ட கண்களை வைத்துக்கொண்டு படித்தால் வரி தவறத்தான் செய்யும்.

அடுத்தது எழுத்து மங்குவது. தூரத்திலிருந்து அருகிலுள்ள பொருளுக்குப் பார்வையை மாற்றும்போது கண்ணுக்குள் உள்ள சிறு தசை ஒன்று சுருங்கி லென்ஸின் வளைவைக் கூட்டுகிறது. பென்சோடயசெபின் இந்த ஆற்றலைக் குறைக்கலாம். இருபது வயதுக்காரரிடம் கையிருப்பு நிறைய இருப்பதால் சிறு குறைவு தெரியாமலே போய்விடும். நாற்பதை நெருங்குபவரிடம் அந்தக் கையிருப்பு ஏற்கெனவே கரைந்துகொண்டிருக்கும். மாத்திரை கொஞ்சம் குறைத்தாலும் வெள்ளெழுத்து ஒரே வாரத்தில் வந்ததுபோல் தோன்றும். உங்கள் வயதை நீங்கள் எழுதவில்லை. நாற்பதைத் தொட்டிருந்தால், மாத்திரை இல்லாவிட்டாலும் இந்த மங்கல் இன்னும் சில மாதங்களில் வந்திருக்கும் என்ற சாத்தியத்தையும் மனதில் வையுங்கள்.

விளக்கு இரண்டாகத் தெரிவதைக் கண்டுதான் நீங்கள் அதிகம் பயந்திருக்கிறீர்கள். ஆனால் பெரும்பாலும் இதுதான் எளிதில் புரியக்கூடியது. நம்மில் மிகப் பலருக்கு இரண்டு கண்களும் இயல்பாகவே மிகச் சரியாக ஒரே திசையில் நிற்பதில்லை. ஒன்று சற்று உள்ளே சாயும் அல்லது வெளியே விலகும். மூளை நொடிக்கு நொடி இழுத்துப் பிடித்து இரண்டையும் ஒரே புள்ளியில் நிறுத்துகிறது. ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளை வண்டிக்காரன் கயிற்றைத் தளரவிடாமல் ஓட்டுவதுபோலத்தான். அவன் கண்ணயர்ந்தால் ஒரு மாடு விலகும். மாத்திரையும் களைப்பும் மதுவும் அந்தக் கயிற்றைத் தளர்த்துபவை. அதனால் வாழ்நாள் முழுவதும் மறைந்திருந்த சாய்வு வெளியே தெரிகிறது. ஒரு கண்ணை மறைத்துவிட்டு, கையை எடுத்ததும் அந்தக் கண் எங்கிருந்து எங்கே திரும்புகிறது என்று பார்த்தால் இதைக் கண்டுபிடித்துவிடலாம். சாதாரணமாகச் சட்டென்று இடத்துக்கு வரும் கண், இந்த மருந்து எடுப்பவர்களிடம் தயங்கித் தயங்கி வந்து சேர்வதைப் பார்க்கலாம். உங்களுக்கு மாலையில்தான் வருகிறது என்பதும் இதோடு பொருந்துகிறது. பகல் முழுவதும் இழுத்துப் பிடித்த களைப்பு அப்போதுதான் உச்சத்தில் இருக்கும்.

வீட்டிலேயே நீங்கள் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. விளக்கு இரண்டாகத் தெரியும் அந்த நேரத்திலேயே வலக்கண்ணை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள், பிறகு இடக்கண்ணை. எந்தக் கண்ணை மூடினாலும் இரட்டை மறைந்து ஒன்றாகிவிட்டால், கண்கள் ஒன்றுசேர்வதில் உள்ள குறை அது. நான் மேலே சொன்ன கதை அதற்குப் பொருந்தலாம். ஒரு கண்ணை மூடிய பிறகும் மற்ற கண்ணில் விளக்கு நிழலோடு இரண்டாகவே தெரிந்தால் காரணம் வேறு. கண்ணீர்ப் படலம் வறண்டிருக்கலாம், கண்ணாடியின் பவர் மாறியிருக்கலாம், கண்புரை தொடங்கியிருக்கலாம். மங்கலுக்கும் ஒரு வழி இருக்கிறது. தடித்த அட்டையில் ஊசியால் துளையிட்டு அதன் வழியே எழுத்தைப் பாருங்கள். தெளிந்தால், குவியத்தில்தான் குறை. தெளியாவிட்டால் கண் மருத்துவர் உள்ளே பார்க்க வேண்டும்.

இவற்றைவிட எனக்கு அதிகம் பயன்படுவது நேரக் குறிப்பு. அல்பிரசோலம் விழுங்கிய ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் உச்சத்தைத் தொடும். சுமார் 11 மணி நேரத்தில் அதன் அளவு பாதியாகும். ஒரு வாரம் ஒரு தாளில் மாத்திரை எடுத்த நேரத்தையும் பார்வை மங்கிய நேரத்தையும் எழுதுங்கள். மாத்திரைக்குப் பின் ஒன்றிரண்டு மணி நேரத்தில் மங்கல் கூடி, அடுத்த வேளைக்கு முன் தெளிந்தால் மருந்தின் மேல் சந்தேகம் உறுதிப்படும். மாத்திரையின் நேரத்தோடு சற்றும் ஒட்டாமல் எப்போதும் ஒரே அளவில் மங்கலாக இருந்தால், அல்லது ஒரு கண் மட்டும் மங்கினால், காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். இந்தக் கணக்கு டயசெபாமுக்கு இவ்வளவு தெளிவாக அமையாது. அதுவும் உடலில் அது மாறி உருவாகும் பொருளும் நாட்கணக்கில் தங்குவதால் விளைவு நாள் முழுவதும் பரவிக் கிடக்கும். முதியவர்களின் உடலில் இன்னும் நீண்ட நேரம் தங்கும். அவர்களுக்கு மங்கிய பார்வையும் தளர்ந்த கால்களும் சேர்ந்து விழவைத்துவிடும் என்பதுதான் என் முதல் கவலை.

மூன்று வாரங்களில் மாத்திரை அளவு மாறாமல் தொல்லை மட்டும் திடீரென்று கூடியிருந்தால், வேறு மாத்திரை எதையாவது தொடங்கினீர்களா என்று யோசியுங்கள். அல்பிரசோலத்தை உடைக்கும் கல்லீரல் நொதியைச் சில மருந்துகள் முடக்கும். பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் கீட்டோகோனசோல், இட்ராகோனசோல், தொண்டை அல்லது நெஞ்சுத் தொற்றுக்குத் தரும் கிளாரித்ரோமைசின் ஆகியவை அப்படிப்பட்டவை. விழுங்குவது அதே அரை மில்லிகிராமாக இருந்தாலும் இரத்தத்தில் சேர்வது அதைவிட மிக அதிகமாகிவிடும். தோல் நோய்க்கு ஒருவரும் பதற்றத்துக்கு இன்னொருவரும் எழுதித்தரும்போது இது எளிதாக விடுபட்டுப்போகும். மதுவும், ஓபியாய்டு வகை வலி மாத்திரைகளும் இதோடு சேரவே கூடாது. மூச்சே அடங்கிப்போகும் ஆபத்து இருப்பதால் 2016 இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் இந்தச் சேர்க்கைக்கு மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது.

கண் கரகரப்பைப் பற்றி நான் உறுதியாகச் சொல்ல முடியாது. உலர்கண் இந்த மருந்து எடுப்பவர்களிடம் பேசப்படும் ஒன்றுதான். ஆனால் பதற்றத்துக்காக ஹைட்ராக்சிசின், அமிட்ரிப்டிலின் போன்றவற்றை எடுப்பவர்களிடம் அது இன்னும் வெளிப்படையாக இருக்கும். அவை வாயையும் கண்ணையும் சேர்த்தே உலர்த்துபவை. அதோடு பதற்றக்காரர்கள் இரவில் தூங்காமல் கைபேசித் திரையை வெறித்துக்கொண்டிருப்பார்கள். இமைப்பது பாதியாகக் குறையும். கண் கரகரக்க அது ஒன்றே போதும். பதற்றமே கண்ணைக் குழப்பும் என்பதையும் சொல்ல வேண்டும். பயம் பிடித்த நேரத்தில் அட்ரினலின் கண்பாவையை விரிக்கும், வெளிச்சம் கூசும். மூச்சு வேகமாகப் போய் பார்வை ஓரங்கள் இருண்டு வரும். மாத்திரை தொடங்குவதற்கு முன்பே இவற்றில் ஏதாவது இருந்ததா என்று நினைத்துப் பாருங்கள்.

உறுதிக்கும் சந்தேகத்துக்கும் நடுவில் நிற்கும் விஷயம் ஒன்று உண்டு: இமை இறுக்கம். பென்சோடயசெபினையும், அதே வேலையைச் செய்யும் எடிசோலாமையும் நெடுங்காலம் எடுத்த சிலருக்கு, கண் கூசி, இமைகள் தாமாக இறுக மூடிக்கொள்ளும் நோய் வந்ததை ஜப்பானியக் கண் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மருந்தைக் குறைத்த பிறகு சிலருக்குக் குணமானது. இதே இமை இறுக்கத்துக்கு மருந்தாகக் குளோனசெபாம் எழுதப்படுவதும் உண்டு. எனவே மருந்துதான் காரணம் என்று எல்லோருக்கும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் மாதக்கணக்கில் மாத்திரை எடுப்பவர் "வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியவில்லை" என்று வந்தால், அதைக் கற்பனை என்று தள்ளாமல் மருந்துப் பட்டியலைப் பார்ப்பது என் வழக்கம். மூன்று வாரங்களே ஆன உங்களுக்கு இந்தக் கவலை இப்போது வேண்டாம்.

காபாவோடு சம்பந்தப்பட்ட மருந்துகள் பக்கப் பார்வையை நிரந்தரமாகப் பறிக்கும் என்று எங்காவது படித்திருந்தால், அது வேறு மருந்து. வலிப்புக்கான விகாபாட்ரின் பார்வைப் பரப்பைச் சுருக்கும் என்பது 1997 இல் வெளிவந்தது. அந்த இழப்பு திரும்பாது. அது காபாவை உடைக்கும் நொதியையே முடக்கி, அதன் அளவைப் பெருக்குகிறது. பென்சோடயசெபின் அப்படிச் செய்வதில்லை. வழக்கமான அளவில் எடுப்பவர்களின் விழித்திரை அதேபோல் அழிவதாகக் காட்டும் சான்று எதையும் நான் பார்த்ததில்லை.

இனி அம்மாவின் குளுக்கோமா. மாத்திரைப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் "குறுகிய கோணக் குளுக்கோமா உள்ளவர்கள் எடுக்கக் கூடாது" என்ற வரியைப் படித்துத்தான் பயந்திருப்பீர்கள். குளுக்கோமா ஒரே நோய் இல்லை. பெரும்பாலும் காணப்படும் ஒரு வகையில் கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் கோணம் திறந்தே இருக்கும், வடிகால் மட்டும் அடைத்துக்கொள்ளும். சிகிச்சையில் இருக்கும் அந்த வகை நோயாளிகள் டயசெபாம் எடுக்கலாம் என்று மருந்துத் தாள்களே சொல்கின்றன. அடுத்த வகையில் அந்தக் கோணமே குறுகலாக இருக்கும். கண்பாவை பாதி விரிந்து நிற்கும் நேரத்தில் அது முழுதாக மூடிக்கொண்டால் சில மணி நேரத்தில் கண்ணின் அழுத்தம் பல மடங்காகி, கண் வலித்துச் சிவந்து, வாந்தி வரும். பென்சோடயசெபின் கண்பாவையை விரிக்கும் ஆற்றல் மிகக் குறைவு. அதனால் அந்த எச்சரிக்கையின் அடிப்படை பலவீனமானது என்பது என் கருத்து. ஆனாலும் கருத்தை நம்பிக் கண்ணைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. கோணத்தை நேரடியாகவே பார்த்துவிடலாம். காதோர நெற்றிப்பொட்டுப் பக்கத்திலிருந்து சிறு டார்ச் ஒளியைக் கண்ணுக்குக் குறுக்கே விட்டால், ஆழமான கண்ணில் ஒளி மூக்குப் பக்கம் வரை சமமாகப் பரவும். ஆழம் குறைந்த கண்ணில், கண்பாவையைச் சுற்றியுள்ள நிறத்திரை முன்னால் புடைத்து நின்று மூக்குப் பக்கத்தில் நிழல் விழவைக்கும். நிழல் விழுந்தால் கோணம் பார்க்கும் கண்ணாடி லென்ஸை வைத்து முழுதாக ஆராய்வோம். தூரப்பார்வைக்குப் பிளஸ் பவர் கண்ணாடி அணிபவர்களும், நடுவயதைத் தாண்டிய பெண்களும், குடும்பத்தில் இந்த வகை உள்ளவர்களும் இதில் கூடுதல் கவனத்துக்குரியவர்கள். எனவே அம்மாவுக்கு எந்த வகை என்று அவருடைய மருத்துவச் சீட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

பதற்றத்தோடு ஒற்றைத் தலைவலிக்கும் மருந்து எடுப்பவர்கள் ஒன்றைத் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். டோபிரமேட் தொடங்கிய முதல் சில வாரங்களில் இரண்டு கண்களிலும் ஒரே நேரத்தில் தூரப் பார்வை திடீரென்று மங்கினால் அது அவசரம். கண்ணுக்குள் நீர் கோத்து, கோணத்தை முன்னே தள்ளி மூடிவிடும். அங்கே தீர்வு, மருத்துவர் மேற்பார்வையில் அந்த மருந்தை நிறுத்துவதுதான். வழக்கமான கோண அடைப்புக்குச் செய்யும் லேசர் துளை அதற்கு உதவாது.

இரவே ஆனாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகளைச் சொல்லிவிடுகிறேன். கண் வலியோடு சிவந்து விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிவது. ஒரு கண்ணின் பார்வை சட்டென்று போவது. திரை விழுந்ததுபோல் ஒரு பக்கம் மறைவது. இமை தொங்கியோ கண்பாவைகள் அளவில் வேறுபட்டோ வரும் இரட்டைப் பார்வை. முகம் கோணுவது, கை மரத்துப்போவது, நாக்குக் குழறுவது. நாக்குக் குழறுவதை மருந்தும் செய்யும் என்பதால் "மாத்திரை மயக்கம்தான்" என்று வீட்டார் படுக்கவைத்துவிடுவார்கள். பக்கவாதத்தில் அப்படி இழக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திரும்பாது. குளோபசாம் எடுப்பவர்களுக்குத் தோலில் தடிப்பும் வாய்ப்புண்ணும் கண் சிவப்பும் ஒன்றாக வந்தால் அதுவும் அவசரம். அரிதானது, ஆனால் கருவிழியில் தழும்பை விட்டுச்செல்லக்கூடியது.

மருந்தைக் குறைக்கும் காலத்திலும் கண் பேசும். வெளிச்சம் கூசும், எழுத்து மங்கும், நிற்கும் பொருள் அசைவதுபோல் தோன்றும். நோய் புதிதாக வந்துவிட்டதோ என்று பலர் அப்போதுதான் கண் மருத்துவரிடம் ஓடி வருகிறார்கள். அளவு குறைத்த தேதிகளைக் கேட்டால் விஷயம் விளங்கிவிடும். மிக மெதுவாகக் குறைத்தால் இவை தாங்கும் அளவில் இருக்கும். மருந்தைச் சார்ந்திருத்தல், நிறுத்தும்போது வரும் விலகல் அறிகுறிகள் பற்றி 2020 இல் இந்தக் குடும்பம் முழுவதற்கும் அமெரிக்காவில் கட்டமிட்ட எச்சரிக்கை அச்சிடப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். எந்த அளவில், எத்தனை வாரத்தில் குறைப்பது என்பதை உங்கள் மனநல மருத்துவர் முடிவு செய்யட்டும்.

இந்த வாரத்தில் நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இரட்டைப் பார்வை இருக்கும்வரை வண்டி ஓட்டாதீர்கள். காலை மாத்திரைக்குப் பிறகு "எனக்குத் தெளிவாகத்தான் இருக்கிறது" என்று தோன்றினாலும் வேண்டாம். கண்ணின் வேகமும் மனதின் விழிப்பும் குறைந்திருப்பதை அந்த மனதாலேயே சரியாக எடைபோட முடியாது. மனநல மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து மங்கலையும் இரட்டைப் பார்வையையும் சொல்லுங்கள். அளவையோ நேரத்தையோ அவர் மாற்றக்கூடும். புதுக் கண்ணாடிக்கு அவசரப்படாதீர்கள். மருந்தின் அளவு சில வாரங்கள் ஒரே நிலையில் நின்ற பிறகு பவர் பார்த்தால்தான் அது நிலைக்கும். இல்லையென்றால் இன்று செய்யும் கண்ணாடி மருந்து மாறியதும் பொருந்தாது. ஆனால் கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அம்மாவுக்குக் குளுக்கோமா இருப்பதால் மாத்திரை எடுக்காவிட்டாலும் உங்களுக்கு அது தேவைதான். எடுக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் பெயரோடு சொல்லுங்கள். கண் அழுத்தம், கோணம், பார்வை நரம்பு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கோணம் அகலமா குறுகலா என்பதை ஒரு வரியில் எழுதி வாங்கி மனநல மருத்துவரிடம் கொடுங்கள். அல்பிரசோலத்திலிருந்து உங்களை வேறு மருந்துக்கு மாற்ற அவர் நினைத்தால், செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவை கண்பாவையைச் சற்று விரிக்கக்கூடியவை என்பதால், எதைத் தொடங்கலாம் என்று முடிவு செய்ய அந்த ஒரு வரி அவருக்குத் தேவைப்படும்.